பெரிய ஒளிப்படக்காரர்களிடம் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிப்படம் பழகத் தொடங்கிய நாட்களில், மழை விட்ட பிறகெல்லாம் தேங்கிய தண்ணீர் ஓரமாகப் போய் நிற்பேன். காரணம் ஒரே ஒரு படம். 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்தது. ஒரு மனிதர் தண்ணீரைத் தாண்டுகிறார். அவருடைய குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு நூலிழைதான் பாக்கி. எனக்கும் தாண்டுகிற மனிதர்கள் கிடைத்தார்கள், ஆனால் படம் கிடைக்கவில்லை.

ஏன் என்று புரிய வெகு காலம் ஆனது. அந்தப் படத்தின் பின்னணியில், சுவரொட்டியில் ஒரு நடனக்காரி அதே போலத் தாவுகிறாள். தாண்டுகிறவரின் உருவம் தண்ணீரில் தலைகீழாக விழுந்து கிடக்கிறது. கீழே கிடக்கும் வளையங்களின் வளைவு தண்ணீரின் அலையிலும் வருகிறது. பிரெஸ்ஸோன் ஓவியம் பயின்றவர்; சட்டகத்துக்குள் கோடுகளும் வடிவங்களும் ஒன்றோடொன்று பேசுவதைப் பார்க்கப் பழகிய கண் அவருடையது. நான் தாவலை மட்டும் பார்த்தேன். எதைப் படம் எடுத்தார் என்பதையே எப்படி எடுத்தார் என்பதாக எண்ணிக்கொண்டேன். பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். கறுப்பு வெள்ளை, தெருவோர நிழல், குடை பிடித்துப் போகும் உருவம் என்று மேல்தோலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பாணி என்பது ஒருவர் திரும்பத் திரும்ப எடுத்த முடிவுகளின் படிவு. எங்கே நிற்பது, எதை வெளியே விடுவது, எத்தனை படங்களில் எதைத் தேர்வது என்ற முடிவுகளை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் பிடிக்க முடியாது.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'தீர்மானமான கணம்' என்ற தொடரும் பலரைத் திசை திருப்பியிருக்கிறது. 1952இல் வந்த அவருடைய நூலின் ஆங்கிலத் தலைப்பு அது. பிரெஞ்சுத் தலைப்போ, அவசரமாக, மறைவாக எடுத்த படங்கள் என்ற பொருள் தருவது. படத்தை வெட்டவே கூடாது என்பது அவர் விதி என்று சொல்லி, ஓரங்களை வெட்டும் மாணவர்களைக் கண்டிக்கும் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அவர் பொதுவாக அப்படித்தான் நடந்துகொண்டார். ஆனால் சான் லசார் படம் பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுக்கப்பட்டது. இடப்பக்கம் மறைத்த பலகையை அவர் வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒருவரின் பழக்கத்தைச் சட்டமாக்கிக்கொண்டால், அவரே அதை எங்கே, எதற்காக மீறினார் என்பது நம் கண்ணில் படாது.

இரண்டாவது தவறு, முடிந்த படத்தை மட்டும் பார்ப்பது. டயான் ஆர்பஸ் 1962இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த, பொம்மைக் கையெறிகுண்டு பிடித்த சிறுவனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கால்சட்டையின் தோள்பட்டி ஒரு பக்கம் நழுவியிருக்கிறது. பொம்மை இல்லாத மற்றக் கை பறவையின் கூர்நகம் போல வளைந்திருக்கிறது. முகத்தில் ஏதோ வெறி. அந்தப் பிலிம் சுருளின் காண்டாக்ட் ஷீட்டை, அதாவது எல்லாப் படங்களும் சிறிதாக வரிசையாக அச்சான தாளைப் பார்த்தால் வேறு ஒரு பையன் தெரிகிறான்: சிரிக்கிறான், இடுப்பில் கை வைத்து நிற்கிறான், எல்லாச் சிறுவர்களையும் போல இருக்கிறான். அத்தனை படங்களிலிருந்தும் இந்த ஒன்றை அவர் எடுத்து முன்வைத்தார். ஆர்பஸின் பாணியில் பாதி அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

ராபர்ட் ஃபிராங்க் 1955, 1956 ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் சுற்றி 767 பிலிம் சுருள்கள் எடுத்தார். 27,000க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றிலிருந்து 'தி அமெரிக்கன்ஸ்' நூலுக்கு வந்தவை 83 மட்டுமே. முன்னூறுக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு நாள் போய் எடுத்து வந்த நாற்பது படங்களில் நல்லது ஒன்றுமில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

'அந்தக் காலத்தில் யாரும் படத்தைத் திருத்தவில்லை. எடுத்தது எடுத்தபடி' என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கும். 1850களில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொன்றும் வைத்து ஒரே அச்சாக்கினார். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு மிக அதிகமாக இணங்கியதால், கடலுக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துவிடும் என்பதே காரணம்.

இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸை எடுத்துக்கொள்வோம். 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலா எழுவதைக் கண்டு வண்டியை நிறுத்துகிறார். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. கல்லறைச் சிலுவைகளின் மேல் விழும் வெயில் இன்னும் சில நொடிகளில் போய்விடும். நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் பழைய அலகு) என்பது அவர் மனத்தில் இருந்தது. அதிலிருந்து கணக்கிட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவதற்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

இதுவரையிலான கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுப்படுத்தினார். பல ஆண்டுகள் இருட்டறையில் அதைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்ப அச்சுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிந்தைய அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. கிராமத்தின் மேல் அத்தனை இருட்டைக் கொண்டுவந்தது அவருடைய கை. இளமையில் பியானோ கற்றவர். நெகட்டிவை இசைக்குறிப்பாகவும் அச்சை அதன் வாசிப்பாகவும் கருதினார். ஒரே குறிப்பை ஒரு கலைஞர் முப்பது வயதிலும் எழுபது வயதிலும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை அல்லவா?

தெளிவின்மையைக் குறை என்று தள்ளுவதும் தவறு. ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு முதல் கேமரா கிடைத்தபோது வயது 48. அவர் எடுத்த முகங்கள் குவியம் தவறியவை என்று அக்காலத்து விமர்சகர்கள் கண்டித்தார்கள். அந்த மென்மையில்தான் முகம் அழகாக வருகிறது என்று தோன்றிய இடத்தில் அவர் குவியத்தைச் சரிசெய்வதை வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார்.

'முதல்' என்ற பட்டத்தையும் சற்று நிதானித்தே கொடுக்க வேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1976இல் நடந்த வில்லியம் எகிள்ஸ்டனின் கண்காட்சியோடுதான் வண்ணப்படம் கலையாக ஏற்கப்பட்டது என்று எழுதிவிடுகிறோம். அதே அருங்காட்சியகத்தில் 1962இலேயே எர்ன்ஸ்ட் ஹாஸின் வண்ணப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. சால் லைட்டர் 1940களின் இறுதியிலிருந்தே வண்ணத்தில் எடுத்துவந்தார். பாரிஸும் நியூயார்க்கும்தான் வரலாறு என்று நின்றுவிட்டால், 1948இல் மாலியின் பமாகோவில் ஸ்டூடியோ திறந்து, பூவேலைத் துணிகளின் முன் தன் ஊர் மக்களை அத்தனை மிடுக்கோடு நிறுத்திய ஒளிப்படக்காரர் செய்டூ கெய்ட்டாவை இழந்துவிடுவோம்.

கடைசியாக, படத்தில் இருப்பவரை மறப்பது. டொரோதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை எடுத்தார். முதலில் சற்றுத் தள்ளி நின்று கூடாரம் முழுவதையும் எடுத்தவர், படத்துக்குப் படம் நெருங்கிப் போனார். அவர் பாணியைக் கற்க விரும்புகிறவர் அந்த நடையைத்தான் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் உலகுக்குத் தெரியவந்தது 1978இல்தான். அந்தப் படத்தால் தனக்கு ஒரு பைசா பயனில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. லாங்கேயோ படத்தின் வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல் உறுத்துகிறது என்று பின்னர் நெகட்டிவில் அதை மறைக்கச் செய்தார். நல்ல அச்சில் உற்றுப் பார்த்தால், அந்த விரலின் மங்கலான தடம் இன்னும் அங்கே தெரிகிறது.