பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதத்தை வாசிக்கும் முறை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பை முடிப்போர் விகிதத்தைக் காணும்போது, அது கணக்கிடப்பட்ட முறையை முதலில் பாருங்கள். 2010–11 முதல் பெரும்பாலான மாநிலங்கள் கையாளும் முறையில், ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு பின்னர் வந்தவர்களைக் கூட்டி, வேறு பள்ளிக்கு மாறியவர்கள், நாட்டை விட்டுச் சென்றவர்கள், இறந்தவர்கள் ஆகியோரைக் கழித்து, எஞ்சியோரில் நான்கு ஆண்டுகளுக்குள் வழக்கமான டிப்ளமோ (பள்ளி முடிப்புச் சான்றிதழ்) பெற்றவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். ஐந்தாம் ஆண்டில் முடித்தவரும் டிப்ளமோவுக்கு ஈடாகத் தனித் தேர்வெழுதி ஜி.இ.டி. சான்றிதழ் பெற்றவரும் இதில் சேரமாட்டார்கள். ஆகவே, விகிதத்துக்கு வெளியே நிற்பவர் எல்லாரையும் இடைநின்றவர் எனக் கொள்ளக் கூடாது.

தேசிய அளவில் 79 விழுக்காடாக இருந்த இவ்விகிதம் 2018–19இல் 86 ஆனது. டிப்ளமோ பெறத் தேற வேண்டியிருந்த இறுதித் தேர்வைச் சில மாநிலங்கள் கைவிட்டதையும் கருதாமல், இவ்வுயர்வு முழுவதையும் கல்வித் தரத்தின் கணக்கில் எழுதுவது அவசரமாகும்.

காரணங்களைத் தேடுவோர் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அவ்வாண்டில் போதிய கிரெடிட்டுகளை (பாடங்களில் தேறியதற்குக் கிடைக்கும் அலகுகளை) ஈட்டி, முதன்மைப் பாடங்களில் ஒன்றுக்கு மேல் தோல்வியடையாத மாணவர்கள், மற்றவர்களைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் உரிய காலத்தில் படிப்பை முடித்ததைச் சிகாகோ நகரப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் காட்டின. வறுமை, அடிக்கடி வீடு மாறுதல் ஆகியவற்றின் விளைவு பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் முதலில் தெரியும் என்பதால், பள்ளி நாட்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் வராதவர்களின் பட்டியலைத் தனியே கேட்டு வாங்குங்கள்.