ஊருக்குப் போகிறீர்களா? கட்டை, பரப்பு, பவுண் கணக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு போங்கள்

இலங்கையில் எல்லாம் கிலோவும் கிலோமீற்றரும்தான், ஒரு கரைச்சலும் இல்லை என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு இதையும் ஒருக்கால் வாசியுங்கள். சட்டப்படி அது சரிதான். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் மெற்றிக்கைத்தான் சொல்கிறது, கடைத் தராசும் பெற்றோல் பம்பும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் காணி ஒரு அளவில், காய்ச்சல் ஒரு அளவில், நகை இன்னொரு அளவில், மணல் வேறொரு அளவில் போகும். அங்கேயே இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் குழப்பம் இல்லை. எதற்கு எது என்று அவர்களுக்குப் பழக்கம். முப்பது வருசம் வெளியில் இருந்துவிட்டுப் போய் இறங்கும் நாங்கள்தான் முழிக்கிறோம். கனடாக்காரருக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை, நாங்களும் வீதியில் கிலோமீற்றரும் அடுப்பில் பரனைற்றும் உயரத்துக்கு அடியும் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள்தானே.

வீதியில் இருந்து தொடங்குவோம், அது லேசான பகுதி. பலகைகள் எல்லாம் கிலோமீற்றரில், வேகக் கட்டுப்பாடு காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியில் 70, அதிவேகப் பாதையில் 100. லண்டனில் இருந்து வருகிறவர்கள் 70 என்ற பலகையைப் பார்த்ததும் கால் தானாக அழுத்தும், அது 43 மைல்தான் என்பதை மனதில் வையுங்கள். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். 250 மைல், நாலு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு யாருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். ஏழு எட்டு மணித்தியாலம் என்று வைத்தால்தான் வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

மைல் செத்துப்போகவில்லை, அது இடப்பெயராக மாறிவிட்டது. எங்கள் ஆட்கள் மைலைக் கட்டை என்பார்கள், மைல் கட்டை நட்டிருந்த இடம் அப்படியே பெயராகிவிட்டது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஒரு இடம் உண்டு, கண்டியில் இருந்து ஏ9 வீதியில் 155 மைல் என்று அர்த்தம், கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். வான்காரர் “155ல இறக்கி விடுறன்” என்றால் அது ரூபாயும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. திருகோணமலைப் பக்கமும் இப்படிக் கட்டைப் பெயர்கள் உண்டு. வயதானவர்களிடம் வழி கேட்டால் “இரண்டு கட்டை இருக்கும் தம்பி” என்பார்கள், அது மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், நம்பலாம். “அந்தா, கிட்டத்தான்” என்றால் மட்டும் ஓட்டோ பிடியுங்கள்.

இனி காணி. பெரும்பாலானோர் ஊருக்குப் போவதற்கு வெளியில் சொல்லாத காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் காணி பரப்பில்தான் பேசப்படும், விலையும் பரப்புக்கு இவ்வளவு என்றுதான் வரும். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி, மெற்றிக்கில் ஏறக்குறைய 253 சதுர மீற்றர். பரப்புக்குள் 18 குழி. ரொறன்ரோவில் 40 அடி முகப்பும் 110 அடி நீளமும் உள்ள உங்கள் வளவு ஒன்றரைப் பரப்புச் சொச்சம்தான் வரும் என்று தெரிந்தால், அம்மம்மாவின் நாலு பரப்புக் காணியை “சின்னத் துண்டு” என்று இனிச் சொல்ல மாட்டீர்கள்.

சிக்கல் இனித்தான். கொழும்பில் வளர்ந்த மச்சான் பேர்ச்சில் பேசுவான், வன்னியில் ஏக்கரில் பேசுவார்கள், நில அளவையாளரின் புதிய வரைபடத்தில் ஹெக்ரயர் இருக்கும், கையில் இருக்கும் காணி உறுதிப் பத்திரத்தில் லாச்சம் என்று எழுதியிருக்கும். இந்த நாலும் ஒரே காணியைப் பற்றியதாக இருக்கலாம். போன முறை என் தங்கை வாட்ஸ்அப்பில் வரைபடத்தை அனுப்பிவிட்டு “அண்ணா, எங்கட காணி 0.0506 தானாம், மிச்சத்தை யாரோ பிடிச்சிட்டாங்கள்” என்று அழாக்குறையாகச் சொன்னாள். 0.0506 ஹெக்ரயர் என்றால் சரியாக இரண்டு பரப்பு. ஒருவரும் ஒன்றையும் பிடிக்கவில்லை. நாலு பரப்பு 0.1012 ஹெக்ரயர், அதுவே ஒரு றூட், கால் ஏக்கர். இந்த இரண்டு எண்ணையும் போனில் எழுதி வைத்திருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

லாச்சமும் பரப்பும் ஒன்றுதான், ஆனால் உறுதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வரகு என்று இருக்கிறதா நெல் என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்தில் எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதை வைத்துத்தான் நிலத்தைக் கணக்கிட்டார்கள், வரகுக் கணக்கும் நெற்கணக்கும் ஒரே அளவு இல்லை. மேலே நான் சொன்ன 16 பரப்பு வரகுக் கணக்கு. வயல் காணி என்றால் நொத்தாரிசையோ அளவையாளரையோ கேட்காமல் பெருக்கிப் பார்த்து விலை சொல்லாதீர்கள். விலை பேசும்போது “பரப்புக்கா, பேர்ச்சுக்கா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, பத்து மடங்கு வித்தியாசம். அப்புறம், சென்னையிலும் ஒரு இடம் பார்த்து வருவோம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே சென்ட் 435.6 சதுர அடி, கிரவுண்ட் 2,400 சதுர அடி. அங்கேயும் குழி என்ற சொல் இருக்கிறது, எங்கள் குழி என்று நினைத்துவிடாதீர்கள்.

காணி இருந்தால் மதில் கட்டுவீர்கள், மதில் என்றால் மணல். மணல் கியூப்பில் வரும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, கன மீற்றரில் 2.8 சொச்சம். ஜெர்மனியில் கட்டட வேலை தெரிந்த என் அத்தான் கியூப் என்றால் கன மீற்றர் என்று நினைத்து ஓடர் கொடுத்தார், வந்து இறங்கிய மணலில் அயல் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் விளையாடினார்கள். வீடு சதுர அடியில், கல்லின் தடிப்பு அங்குலத்தில், கம்பி மில்லிமீற்றரில், சீமெந்து 50 கிலோப் பையில். கிணற்றின் ஆழமும் அடியில்தான். ஏன் கம்பிக்கு மட்டும் மில்லிமீற்றர் என்று மேசனிடம் கேட்டேன், “கம்பி அப்படித்தான் வருது” என்றார். நியாயமான பதில்.

நான் உண்மையில் பயப்படுவது மருந்து விசயத்துக்குத்தான். ஊரில் காய்ச்சலைப் பரனைற்றில்தான் சொல்வார்கள். “பிள்ளைக்கு நூற்றிரண்டு” என்றால் 38.9 பாகை செல்சியஸ். 98.6 சாதாரணம், 100.4 வந்தால் அது உங்கள் 38. இது வெறும் பதற்றம், சமாளிக்கலாம். சீனி வருத்தம் அப்படி இல்லை. இலண்டனிலும் கனடாவிலும் இரத்தச் சீனி மில்லிமோல் கணக்கில் வரும், ஊரில் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம். உங்கள் 7 அவர்களின் 126. 18ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு, 18ஆல் பிரித்தால் உங்கள் கணக்கு. பிரான்ஸ்காரருக்கு 1.26 என்று வரும், அவர்கள் புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் போதும். பெரியம்மாவின் றிப்போட்டில் 180 என்று பார்த்து நான் அரண்டுபோய் இரவோடு இரவாக வான் பிடிக்கப் பார்த்தேன். அது 10தான், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது, அவவோ முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. மற்றப் பக்கம்தான் கூடுதல் ஆபத்து: நீங்கள் ஊரில் மயங்கி விழுந்து, கூட வந்தவர் “காலமை 4 இருந்தது” என்று டொக்டரிடம் சொன்னால் அவருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. 72 என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே அம்மாவுக்கு என்று வெளிநாட்டில் இருந்து சீனி பார்க்கும் மெசின் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். திரையில் வரும் எண் அங்கே ஒருவருக்கும் பழக்கமில்லாதது, அதற்குரிய ஸ்ரிப்பும் ஊரில் கிடைக்காமல் போகலாம். பார்மசியில் ஊர் மெசினே வாங்கிக் கொடுங்கள். கொலஸ்ரரோலும் இதே கதைதான், உங்கள் 5.2 அங்கே 200, ஆனால் இதற்குப் பெருக்க வேண்டியது 18 இல்லை, 38.67. மூன்று மாதச் சராசரிச் சீனி ஊரிலும் கனடாவிலும் வீதத்தில் வரும், இலண்டனில் வேறு எண், அவர்களின் 48 மற்றவர்களின் 6.5. பிள்ளைகளின் நிறையைக் கிலோவில் தெரிந்து வைத்திருங்கள், பாணி மருந்து அதை வைத்துத்தான் தருவார்கள், இறாத்தலும் ஸ்ரோனும் சொன்னால் டொக்டர் கல்குலேற்றரைத் தேட வேண்டும்.

நகைக்கடையில் பவுண் என்றால் 8 கிராம், கஸ்தூரியார் வீதி முழுக்க அதுதான் கணக்கு. இலண்டனில் பிறந்த என் மருமகன் பத்துப் பவுணில் தாலிக்கொடி என்று கேட்டு, “பத்துப் பவுண்ஸ்தானே, நான் வாங்கித் தாறன்” என்று பெருந்தன்மையாகச் சொன்னான். 80 கிராம் தங்கம் என்று விளக்கியதும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டான். இணையத்தில் உலகத் தங்க விலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அது அவுன்சுக்கு, 31.1 கிராமுக்கு, அதுவும் 24 கரட்டுக்கு என்பதை மறக்க வேண்டாம். கடையில் 22 கரட்டும் செய்கூலியும்.

சந்தையில் பயப்பட ஒன்றும் இல்லை. மரக்கறி கிலோவில், கால் கிலோ அரைக் கிலோ என்று கேட்கலாம், கீரை பிடியில், தேங்காய் எண்ணிக்கையில், மீன் சில இடத்தில் கூறாகவும் இருக்கும். பேக்கரியில் இன்னும் “ஒரு றாத்தல் பாண்” என்றுதான் கேட்பார்கள், இப்போது அது 450 கிராம், பழைய இறாத்தலை விட மூன்றரைக் கிராம் குறைவு, பாதி கேட்டால் 225. நல்லெண்ணெய் போத்தல் கணக்கு, 750 மில்லிலீற்றர். சாராயமும் அப்படியே, அரைப் போத்தல் 375, கால் 180. கால் என்றால் 187.5 வர வேண்டுமே என்று நண்பர்களோடு இருக்கும்போது கணக்குப் பார்க்காதீர்கள், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். குசினியில் அரிசி அளப்பது சுண்டு என்ற சின்னப் பாத்திரத்தில், எங்கள் வீட்டுச் சுண்டுக்கு ஒரு கிலோ ஐந்து சுண்டு வரும். மாமி “மூன்று சுண்டு போடு” என்றால் தராசு தேடாமல் சுண்டைத் தேடுங்கள், அரிசி வாளிக்குள்ளேயே கிடக்கும்.

திரும்பும்போது பெட்டி. விமானத்தில் 23 கிலோ என்றால் 50 இறாத்தல், 32 என்றால் 70. போகும்போது கனடாத் தராசில் இறாத்தலில் நிறுத்துக்கொண்டு போவீர்கள், வரும்போது அரைத்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனாட்டு, மாமி கடைசி நேரத்தில் திணித்த பனாட்டுப் பெட்டி இன்னொன்று. ஊரில் தராசு தேடி அலையாமல் சின்னத் தூக்குத் தராசு ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோங்கள், கிலோவுக்கும் இறாத்தலுக்கும் மாற்றுகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்த்து வையுங்கள். நான் பார்க்கவில்லை. 46 என்று காட்டியதைக் கிலோ என்று நினைத்து அரைவாசி மிளகாய்த்தூளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தேன்.