வியட்நாம் போர் பாடமா? பிறந்த தேதியில் தொடங்குங்கள்

"அமெரிக்கா செய்தது சரியா, தப்பா?" என்று எடுத்த எடுப்பிலேயே பதினொன்றாம் வகுப்பில் கேட்காதீர்கள். நாலு பேர் சண்டை போடுவார்கள், மீதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள்.

366 துண்டுச் சீட்டுகளில் தேதிகளை எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் நீலக் குப்பிகளில் தேதிகளை அடைத்து இப்படித்தான் குலுக்கினார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை அந்தத் தேதியில் பிறந்த ஆண்கள்தான் கட்டாய ராணுவச் சேவைக்கு முதல் வரிசை. கடைசியில் குலுக்கலில் 195ஆவதாக வந்த தேதி வரை அழைப்பு போனது.

தன் தேதி வந்ததும் பையன் முகம் மாறும். அப்போது கேளுங்கள்: "போவாயா, மறுப்பாயா? ஏன்?" ("நீ காலி" என்று கிண்டல் செய்ய மட்டும் விடாதீர்கள்.)

அப்புறம் வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அமெரிக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்த 1964 டோங்கின் வளைகுடா தீர்மானத்துக்கு வாருங்கள். மாணவர்களையும் அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்கச் சொல்லுங்கள். செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். தீர்மானத்துக்குக் காரணமாகச் சொன்ன, அமெரிக்கக் கப்பல்கள் மீதான ஆகஸ்ட் 4 தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால்தான் தெளிவானது. இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் வாக்களித்த பிறகு சொல்லுங்கள்.