கீத்துக் கொட்டா பத்திக்கிச்சு, ஃபயர் வண்டி இன்னும் வரல: புதுசா வாலண்டியரா நிக்கிறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

எங்க ஊரு அரசலாத்துக்குத் தெக்க இருக்கு. மேட்டூர வழக்கமா ஜனவரி 28 வாக்குல மூடுவாங்க, மறுபடி தொறக்குற நாளு ஜூன் 12. நடுவுல இந்த நாலஞ்சு மாசம் இருக்கு பாருங்க, அப்பதான் சம்பா அறுத்து முடிஞ்சு வீட்டுக்கு வீடு கொல்லையில வைக்கப்போர் ஏறி நிக்கும், கீத்து காஞ்சு முறுக்கிக்கிட்டு நிக்கும், ஆனா வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இருக்காது. டெல்டாவுல தண்ணிக்கு என்ன பஞ்சம்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க, பங்குனி மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து பாத்தாத் தெரியும்.

எங்க தெருவுல நாங்க பன்னெண்டு பேரு சேந்து நிக்கிறோம். யூனிபாரம் எதுவும் கிடையாது, ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து காட்டிக் கொடுத்தது, நாங்களா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, அவ்வளவுதான். புதுசா சேர்ற தம்பி தங்கச்சிகளுக்காக இத எழுதுறேன். முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க: தீய அணைக்கிறது நம்ம முதல் வேலை இல்ல. வண்டி வர்ற வரைக்கும் ஒரு ஆளு கூட குறையாம பாத்துக்கிறதுதான் நம்ம வேலை, அதுல நாமளும் அடக்கம்.

ஸ்டெப் 1: தீ வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கிழமை ஊரச் சுத்துங்க

இதத்தான் யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க. கையில ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுலேர்ந்து கடைசி வீடு வரைக்கும் நடங்க. வாய்க்கா மேல இருக்குற சின்னப் பாலம் ஃபயர் வண்டிய தாங்குமா, திருப்பத்துல வண்டி திரும்புமா, எந்த எடத்துல கம்பி தாழ்வாத் தொங்குது, யாரு வீட்டு வாசல்ல எப்பவும் டிராக்டர் நிக்கும், எல்லாத்தையும் எழுதுங்க. ஒரு தடவ எங்க பக்கத்துத் தெருவுக்கு வண்டி வந்துடுச்சு, ஆனா நடுத்தெருவுல காதுகுத்துக்குப் போட்ட பந்தல் நிக்குது, பந்தக்கால் பிடுங்கி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு கூரை போயிடுச்சு.

அப்புறம் தண்ணி. ஃபயர் வண்டியோட டேங்கு பெரும்பாலும் 4500 லிட்டர் அளவுதான், பெரிய ஹோஸ்ல அடிச்சா சில நிமிஷத்துல காலியாயிடும், மறுபடி ரொப்பணும். எந்தக் குளத்துல பங்குனி சித்திரையிலயும் தண்ணி நிக்கும், அந்தக் கரை வரைக்கும் வண்டி போகுமா, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் உங்க நோட்டுல இருக்கணும். வண்டிலேர்ந்து உறிஞ்சுற குழாயி ரொம்ப நீளம் கிடையாது, கரை ஓரத்துக்கே வண்டி வந்தாகணும்.

ஸ்டெப் 2: போன்

101 அடிங்க. அது கிடைக்கலன்னா 112. ஆளுக்கு அடிபட்டிருந்தா கூடவே இன்னொருத்தர் 108 அடிக்கணும். ஒருத்தர்தான் பேசணும், மத்தவங்க பக்கத்துல நின்னு கத்தக்கூடாது. ஊர்ப் பேரு மட்டும் சொன்னாப் பத்தாது, நம்ம ஜில்லாவுல ஒரே பேர்ல நாலு ஊரு இருக்கும், அதனால தாலுகா, மெயின் ரோட்டுல எந்த பஸ் ஸ்டாப்புல திரும்பணும், எரியுறது கூரையா வைக்கப்போரா, உள்ள ஆள் இருக்கா, சிலிண்டர் இருக்கா, இத்தனையும் சொல்லிட்டு அவங்க வைக்கிற வரைக்கும் போன வைக்காதீங்க. அடுத்த நிமிஷமே ஒரு பையன பைக்ல அந்தத் திருப்பத்துக்கு அனுப்புங்க. ராத்திரின்னா டார்ச்சோட.

ஸ்டெப் 3: உடுப்பு

நைலான், பாலியஸ்டர் டி-ஷர்ட்டக் கழட்டிட்டு காட்டன் முழுக்கை சட்டை போடுங்க. நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோட ஒட்டிக்கும், பிரிக்க முடியாது. லுங்கிய அவுத்து வெச்சுட்டு பேண்ட்டு. ஹவாய் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. தலையில காட்டன் துண்டு.

ஈரத்துண்ட மூஞ்சியில கட்டிக்கிட்டா புகைக்குள்ள போயிடலாம்னு நெறைய பேரு நம்புறாங்க. தயவுசெஞ்சு நம்பாதீங்க. கண்ணுக்குத் தெரியிற கரியக் கொஞ்சம் தடுக்கும், ஆனா ஆளக் கொல்றது கார்பன் மோனாக்சைடு, அதுக்கு வாசனையும் கிடையாது, எந்தத் துண்டும் அதத் தடுக்காது. ரெண்டு மூணு மூச்சுல தல சுத்தி விழுந்தா, உங்களத் தூக்க இன்னொருத்தர் வரணும்.

ஸ்டெப் 4: வாசல்ல ஒரு ஆளு

எல்லாத்தையும் விட இதுக்குத்தான் இந்தப் பதிவே. போன வருஷம் எங்க பெரியப்பா வீட்டுக்குப் பின்னாடி மாட்டுக்கொட்டா பத்திக்கிச்சு. எங்க கூட்டத்துலேயே ஒரு தம்பி, கன்னுக்குட்டி கத்துதுன்னு உள்ள ஓடிட்டான், யாருகிட்டயும் சொல்லல. கன்ன அவுத்துக்கிட்டு கொல்லைப்பக்கமா வெளில வந்து வாழைக்கிட்ட பத்திரமா நிக்கிறான். இங்க வாசப்பக்கம் எங்களுக்கு அது தெரியாது, "டேய் அவன் உள்ளதான்டா இருக்கான்"னு ரெண்டு பேரு அவனத் தேடி உள்ள போயிட்டாங்க. கீத்துக் கூரை எரியும்போது சத்தம் கேட்டிருக்கீங்களா, மூங்கில் கணு ஒவ்வொண்ணா டப்பு டப்புன்னு வெடிக்கும், அப்புறம் திடீர்னு சத்தம் நின்ன மாதிரி இருக்கும், அதுக்கு அர்த்தம் கட்டியிருந்த தென்னங்கயிறு எரிஞ்சு விட்டுடுச்சு, கூரை மொத்தமா எறங்கப் போகுதுன்னு. அன்னிக்கு எறங்குச்சு. ஒருத்தன் தப்பிச்சான், இன்னொருத்தனுக்கு முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு. யாருமே இல்லாத கொட்டாய்க்குள்ள, இல்லாத ஆளத் தேடிப் போனதுக்கு.

அதுலேர்ந்து எங்க வழக்கம் இது: ஒரு ஆளு வாசல்ல நிப்பாரு, அவரு வாளியத் தொட மாட்டாரு, ஹோஸப் பிடிக்க மாட்டாரு, யாரு எங்க நிக்கிறாங்கன்னு பேர் சொல்லி எண்ணிக்கிட்டே இருக்குறது மட்டும்தான் வேலை. எங்களுக்கு அது பக்கத்து வீட்டு அக்கா, பத்து வருஷமா மகளிர் குழுக் கணக்கு எழுதுறவங்க, ஒரு பேரு விடாது. எடத்த மாத்துனா அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். எப்பவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் நிக்கணும். வீட்டுக்காரங்களையும் ஒரே எடத்துல, வேப்பமரத்தடியோ கோயில் வாசலோ, உக்காரவெச்சு பெரியவங்க, புள்ளைங்க எல்லாரும் இருக்காங்களான்னு முதல்லேயே எண்ணிடணும்.

எரியுற கூரைக்கு அடியில நாம போறதில்ல, இதுல விவாதமே கிடையாது. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ நம்ம பக்கம் யாரும் மறக்கல, 94 புள்ளைங்க. அதுவும் கீத்துதான், மேலேர்ந்து எரிஞ்சு விழுந்த கீத்து.

ஸ்டெப் 5: கரண்டு

தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணணும். கை நனையாம இருந்து, போர்டு தீயிலேர்ந்து தள்ளி இருந்தா மட்டும் நீங்க தொடலாம். இல்லன்னா லைன்மேனுக்குச் சொல்லி அந்த லைனையே நிறுத்தச் சொல்லுங்க. போஸ்ட்டுல ஏறுறது, டிரான்ஸ்பார்மர்கிட்ட இருக்குற சுவிட்ச இழுக்குறது நம்ம வேலை இல்ல.

இங்கதான் டெல்டாவுல ஒரு சிக்கல். வாய்க்கா காஞ்சு கிடக்கு, தண்ணி வேணும்னா போர்வெல் மோட்டார் ஓடணும், மோட்டார் ஓட கரண்டு வேணும், நாமளோ கரண்ட நிறுத்தச் சொல்லியிருக்கோம். முதல் தடவ நாங்க இதுல மாட்டிக்கிட்டு முழிச்சோம். அப்புறம் உக்காந்து யாரு மோட்டார் எந்த டிரான்ஸ்பார்மர்ல ஓடுதுன்னு எழுதி வெச்சோம், தெருவுக்கு ஒரு லைனு, வயல் மோட்டாருக்கு வேற லைனுன்னு பாதிக்குப் பாதி பிரிஞ்சே இருக்கு. லைன்மேன்கிட்ட "இத மட்டும் நிறுத்துங்கண்ணே, அது ஓடட்டும்"னு சொல்ற அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதோட ஒரு டீசல் இன்ஜின், ஸ்டார்ட் ஆகுற நெலமையில, உறிஞ்சுற குழாயி அடியில மாட்டுற ஃபுட் வால்வோட, ஊருக்குள்ள ஒருத்தர் வீட்லயாவது இருக்கணும்.

அறுந்து விழுந்த கம்பி இருந்தா குறைஞ்சது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்க, தரை ஈரமா இருந்தா இன்னும் தள்ளி. கம்பு வெச்சு எடுக்கலாம்னு கிட்டப் போகாதீங்க. 2022 ஏப்ரல் 27 தஞ்சாவூர் பக்கத்துல களிமேட்டுத் தேர்ல உயர் அழுத்தக் கம்பி பட்டு 11 பேரு போனாங்க, அந்தக் கரண்டுக்கு மரம், ஈரம், எல்லாமே வழிதான். வைக்கோல் லாரி கம்பியில உரசிப் பத்திக்கிச்சுன்னா டிரைவர் கம்பி விலகுற வரைக்கும் உள்ளேயே இருக்கணும், தீ நெருங்கிடுச்சு, எறங்கியே ஆகணும்னா வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடாம ரெண்டு காலையும் சேத்து வெச்சுக் குதிச்சு, அப்படியே காலத் தூக்காம சின்னச் சின்னதா நகந்து வரணும்.

ஸ்டெப் 6: எரியுற வீட்ட விடுங்க, பக்கத்து வீட்ட நனைங்க

கேக்க மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா முழுசாப் பத்திக்கிட்ட கீத்துக் கூரைய வாளித் தண்ணியால காப்பாத்த முடியாது. புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, அந்தப் பக்கம் அடுத்த கூரை எதுவோ அதுல ஊத்துங்க, ஈரச் சாக்கு போடுங்க. நேரம் இருந்தா தொரட்டியால அந்தக் கூரையோட ஓரக் கீத்த இழுத்துப் போட்டு நடுவுல இடைவெளி விடுங்க. இதுக்கு வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே பேசி வைக்கணும், தீ நேரத்துல "என் கூரைய ஏன்டா பிரிக்கிற"ன்னு சண்ட வந்தா நிமிஷம் போயிடும். நீங்க காத்து வர்ற பக்கமா, புகைக்கு முதுகு காட்டாம நில்லுங்க.

வாளிக்கு ரெண்டு வரிசை: ரொம்புனது ஒரு வரிசையில வரணும், காலியானது இன்னொரு வரிசையில திரும்பிப் போகணும். சின்னப் புள்ளைங்க வரிசையில வேண்டாம். பறந்து விழுற பொறிக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் அருமையான சாமான், ஆனா மருந்து படாத டேங்கு ஒண்ணத் தனியா வெச்சிருக்கணும்.

ஸ்டெப் 7: சிலிண்டர்

தீ இன்னும் அண்டல, சிலிண்டர் சூடாகலன்னா ரெகுலேட்டர மூடி, நிமித்தின மேனிக்கே வெளில வெட்டவெளிக்குத் தூக்கிடுங்க. பள்ளத்துலயோ கெணத்துக்கிட்டயோ வைக்காதீங்க, அந்த கேஸு காத்த விடக் கனம், பள்ளத்துலதான் போய்த் தேங்கும். வாய்ப்பக்கம் மட்டும் எரிஞ்சு, ரெகுலேட்டர் கைக்கு எட்டுச்சுன்னா, ட்ரெயினிங்ல காட்டுன மாதிரி ஈரச் சாக்க முன்னாடி பிடிச்சுக்கிட்டுப் போய் மூடுங்க. மூட முடியாதுன்னா சுடர அணைக்காதீங்க, எரியாம வெளில வந்து தேங்குற கேஸு அத விட ஆபத்து. சிலிண்டரச் சுத்தியே தீ நின்னுச்சுன்னா எல்லாரையும் குறைஞ்சது நூறு மீட்டர் பின்னாடி, ஒரு சுவருக்குப் பின்னாடி தள்ளுங்க. தீயே இல்ல, வாடை மட்டும் அடிக்குதுன்னா எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், கதவு ஜன்னலத் தொறந்துட்டு வெளில வந்து கேஸ் லீக்குக்கான 1906 நம்பருக்கு அடிங்க.

ஸ்டெப் 8: வெந்த எடம்

ஓடுற தண்ணி, இருபது நிமிஷம், போனப் பாத்து முழுசா இருபது. பேஸ்ட்டு, இங்க்கு, இட்லி மாவு, தேங்காண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். வீங்குறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல், மெட்டி, அரணாக்கயிறு எடுத்துடணும். தோலோட ஒட்டுன துணியப் பிய்க்காதீங்க. சுத்தமான வேட்டியால லேசா மூடி அனுப்புங்க. அன்னிக்கு மாட்டுக்கொட்டாயில கை வெந்தவன் மேல யாரோ பாசத்துல இங்க்க ஊத்திட்டாங்க, ஆஸ்பத்திரியில முதல்ல அதக் கழுவினாங்க, அவன் போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டுச்சு.

ஸ்டெப் 9: வைக்கப்போர் பொய் சொல்லும்

மேல அணைஞ்சிருக்கும், உள்ள கனன்றுகிட்டே கிடக்கும். தண்ணிய மேல ஊத்துனா வழிஞ்சு ஓடிடும், உள்ள எறங்காது. அதனால ஓரத்துலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா பிரிச்சு, பரப்பி, நனைச்சு, மறுபடி பிரிக்கணும், ஜேசிபி கிடைச்சா வேலை சுளுவு. போர் மேல மட்டும் ஏறவே ஏறாதீங்க, உள்ள வெந்து பொந்தாகியிருந்தா கால் அப்படியே எறங்கிடும். வண்டி கெளம்பிப் போனதுக்கப்புறமும் ரெண்டு பேரு முறை போட்டு ராத்திரி முழுக்க காவல் இருக்கணும், ரெண்டு வாளி தண்ணி பக்கத்துல. விடியக்காலம் பனியில புகை தரையோட தவழும், எந்த எடத்துலேர்ந்து கெளம்புதுன்னு அப்பதான் நல்லாத் தெரியும், அங்க தொரட்டியால கிளறுங்க. புறங்கைய கிட்டக் கொண்டு போய்ப் பாருங்க, சூடு தட்டுச்சுன்னா மறுபடி பிரிங்க, மறுபடி தண்ணி.

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்ல பேர் எண்ணுற அக்காகிட்ட போய் உங்க பேர அடிக்கச் சொல்லுங்க.