"எதுக்கும் ஒரு தேக்சா சேர்த்துப் போடுங்க"

போன மாதம் கீழக்கரையில் ஒரு கல்யாண வீடு. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளையின் தம்பி அடுப்படியில் நின்று பண்டாரியிடம் (சமையல்காரரிடம்) சொல்லிக்கொண்டிருந்தான்: "எதுக்கும் ஒரு தேக்சா சேர்த்துப் போடுங்க காக்கா. பத்தாமப் போனா அசிங்கம்." தேக்சா என்பது சோறாக்கும் பெரிய அண்டா. எனக்குப் பகீரென்றது. 18 வருஷத்துக்கு முன்னால், என் தங்கச்சி கல்யாணத்தில், இதையேதான் நானும் சொன்னேன்.

நான் பண்டாரி இல்லை. பண்டாரிக்கும் கல்யாண வீட்டுக்கும் நடுவில் நின்று தலைக்கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். வாணவேடிக்கை, வரதட்சணை எல்லாம் ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வேளை தொழுகிறவர்கள் தெரியாமல் செய்யும் வீண்விரயத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பயந்துபோய்ச் சேர்ப்பது

வீண்விரயம் என்றால் பணத்திமிர் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை முக்கால்வாசி பயத்தில் நடப்பதுதான். ஊர் என்ன சொல்லும் என்கிற பயம்.

தங்கச்சி கல்யாணத்துக்கு 600 பேர் என்று எழுதினேன். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் 75 கிலோ போதும். வாப்பா கொஞ்சம் ஏற்றினார், மாமா கொஞ்சம் ஏற்றினார், பண்டாரி தன் பங்குக்கு ஏற்றினார். கடைசியில் நானும் அந்த வாசகத்தைச் சொன்னேன். 100 கிலோ அடுப்பேறியது. வந்தவர்களோ 480 பேர். 40 கிலோ அரிசியும் அதற்கான கறியும் மிச்சம்.

எங்கே பிசகியது? வீட்டோடு அழைத்த குடும்பங்களுக்கு ரேஷன் கார்டைப் பார்த்துத் தலை எண்ணியிருந்தேன். நம் கரையில் கார்டில் ஆறு பேர் இருந்தால் ஊரில் இருப்பது மூன்று பேர். மற்றவர்கள் துபாயிலோ, மலேசியாவிலோ, சென்னை மண்ணடியிலோ இருப்பார்கள். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு "ஊர்ல யார் யார் இருக்கா?" என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் கணக்கு மாறும். மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகில் போகிற சொந்தக்காரர்கள் கரையில் இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

அடுத்தது சகன். நாலு பேர் உட்காரும் தட்டில் மலை மாதிரி குவித்தால்தான் மரியாதை என்று பரிமாறுகிற பையன்கள் நினைக்கிறார்கள். நாலு பேரும் ஓரத்திலிருந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். நடுவில் கை படாத சோறு அப்படியே நிற்கும். ஆனால் அது எச்சில் தட்டு. யாருக்கும் கொடுக்க முடியாது. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்கிற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முதலில் முக்கால் சகன் வையுங்கள், மறுசோறு கேட்டால் போடுங்கள். அவ்வளவுதான் வித்தை.

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது, "மிஞ்சினா ஏழைகளுக்குக் கொடுத்துடலாம்" என்கிற சமாதானத்தில்தான். தங்கச்சி கல்யாணத்தன்று அசர் (பிற்பகல் தொழுகை) நேரத்தில் நானும் ஒரு மதரஸாவுக்குப் போன் போட்டேன். "வேணாம் தம்பி, ஏற்கெனவே ரெண்டு வீட்டுச் சோறு வந்து கிடக்கு" என்றார்கள். சித்திரை வெயில். மூடியைத் திறந்தால் புளித்த வாடை. மஃக்ரிப் (அந்தித் தொழுகை) முடிந்த பிறகு நானும் மச்சானும் பனங்காட்டு மணலில் குழி தோண்டிக் கொட்டினோம். அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் அவரவர் உரிமையைக் கொடு, வீண்விரயம் செய்யாதே என்று குர்ஆன் 17:26 சொல்கிறது. இரண்டும் ஒரே வசனத்தில். அடுத்த வசனம்தான் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது. உரிமை என்பது சாயங்காலம் தேக்சாவின் அடியில் ஒட்டியிருப்பதா? செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா (கல்யாண விருந்து) சாப்பாடுதான் மோசமான சாப்பாடு என்று ஹதீஸ் இருக்கிறது. கொடுக்க நினைத்தால் அவர்களை முதல் பந்திக்கே கூப்பிடுங்கள், என் கணக்கில் அவர்கள் தலையையும் சேருங்கள்.

கடன் வாங்கி வலீமா

"ஒரு ஆட்டையாவது அறுத்து வலீமா கொடு" என்று தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு நபியவர்கள் சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஸஃபிய்யா நாயகியை மணந்தபோது நபியவர்கள் கொடுத்த வலீமாவில் கறியே இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய். அதை யாரும் சொல்வதில்லை.

மேடைப் பூ

ஒரு ராத்திரிக்கு.

ஒளுத் தண்ணீர்

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவை நபியவர்கள் செய்தது ஒரு முத்து தண்ணீரில். முத்து என்பது அரபு அளவை, இரண்டு கை சேர்த்து அள்ளும் அளவு. நாமோ குடிதண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கிற மாவட்டத்தில், பள்ளிக் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசிக்கொண்டே கால் கழுவுகிறோம்.

கஞ்சத்தனத்தைச் சிக்கனம் என்பது

குர்ஆன் 25:67 இரண்டையும் விலக்குகிறது. விரயமும் கூடாது, கஞ்சமும் கூடாது, நடுவில் நில் என்கிறது. சூடு பட்ட நான், அடுத்து மச்சினி கல்யாணத்துக்குக் கறாராக எழுதினேன். ஆண்கள் பந்தி கச்சிதமாக முடிந்தது. பெண்கள் பந்தி கடைசியில். உள்ளே சகன் போனபோது கறி தீர்ந்து, தால்ச்சா என்கிற பருப்புக் குழம்புதான் மிச்சம்.

இப்போதெல்லாம் பெண்கள் கணக்கைத்தான் முதலில் எழுதுகிறேன். அந்தக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்த உம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அதை "தால்ச்சா கல்யாணம்" என்றுதான் சொல்வார்.