முதல் சண்டை ரோபோ: சாமான் வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

முதன்முதலாகச் சண்டை ரோபோ, அதாவது ரிமோட்டில் ஓட்டிக் களத்தில் இன்னொரு ரோபோவோடு மோதவிடும் ரோபோ, செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆயுதத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சுழலும் பிளேடு, அதைச் சுற்ற ஒரு பெரிய பிரஷ்லெஸ் மோட்டார். பாதிக் காசு அங்கேயே போய்விடும். மிச்சத்தில் சக்கரம், வயர், மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்து ஓட்டும் டிரைவர் போர்டு எல்லாம். களத்தில் தோற்பதோ இந்த மிச்சத்தால்தான். நகர முடியாமல் நின்றால் நடுவர் பத்து எண்ணி ஆட்டத்தை முடித்துவிடுவார். பிளேடு சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று வாதாட முடியாது.

இங்கே சொல்வது சின்ன ரோபோக்களுக்கு. பீட்டில்வெயிட் என்ற எடைப் பிரிவின் வரம்பு அமெரிக்காவில் 3 பவுண்டு, அதாவது 1.36 கிலோ, பிரிட்டனில் 1.5 கிலோ. எந்தப் போட்டியின் விதி என்று முடிவாகாமல் ஒரு ஸ்குரூகூட வாங்க வேண்டாம். எடைக் கணக்கில் வயர், கனெக்டர், ஸ்குரூ ஆகியவற்றை விட்டுவிடுவது வழக்கமான சறுக்கல். காகிதத்தில் நூறு கிராமாவது மிச்சம் இருக்கட்டும்.

சரி, சக்கர மோட்டாருக்கு வருவோம். தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் லைன் ஃபாலோயர் ரோபோ செய்து பழகிய கை தானாக எல்298என் என்ற டிரைவர் போர்டைத்தான் எடுக்கும். அந்தச் சிப் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். போகிற வழியில் ஏறக்குறைய 2 வோல்ட்டையும் சூடாக்கி வீணடிக்கும். எதிராளியோடு தள்ளுமுள்ளு நடக்கும்போது சக்கரம் நின்றுபோய், மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அந்த ஸ்டால் கரன்ட்டை வாங்குமுன் கணக்குப் போடலாம்: மல்டிமீட்டரில் மோட்டாரின் ஓம் அளவைப் பார்த்து, பேட்டரி வோல்டேஜை அதால் வகுத்தால் போதும். 11.1 வோல்ட் பேட்டரி, 1.5 ஓம் மோட்டார் என்றால் 7 ஆம்பியருக்கு மேல். அதைத் தாங்குகிற, முன்னும் பின்னும் ஓட்டுகிற இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) வாங்குங்கள். என்னைக் கேட்டால், ஆயுதத்தைவிட இதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

பேட்டரியின் மேல் அச்சிட்ட 'சி' எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு கரன்ட் தரும் என்பதுதான் அந்த எண். 850 எம்.ஏ.எச்., 45சி என்றால் கணக்குப்படி 38 ஆம்பியர் தர வேண்டும். அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது.

அப்புறம் உடல். கடையில் 'கண்ணாடி பிளாஸ்டிக்' என்று கேட்டால் அக்ரிலிக்கைத் தருவார்கள். பார்வைக்குப் பாலிகார்பனேட் மாதிரியே இருக்கும். முதல் அடியில் சில்லுச் சில்லாகப் போகும். ஒரு துண்டை வைஸில் பிடித்து வளைத்துப் பாருங்கள்: அக்ரிலிக் பட்டென்று ஒடியும், பாலிகார்பனேட் மடங்கிக்கொடுக்கும். ஆனால் பாலிகார்பனேட்டுக்கும் ஒரு ஆகாத சங்கதி உண்டு. ஸ்குரூ கழலாமல் இருக்கப் போடும் திரெட்லாக்கர் பசை பட்டால், ஓட்டையைச் சுற்றி மெல்லிய விரிசல் விழுந்து பரவும். அந்த இடத்தில் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்த, கழலாத நட்டு) போட்டால் தொல்லை இல்லை. ரோபோவின் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் தாராளமாகப் போதும்; விலை குறைவு, அறுப்பது சுலபம், அடியை வாங்கிக்கொண்டு வளைந்துகொடுக்கும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகைகள் பல இதே சரக்குதான். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்த சட்டம் மட்டும் வேண்டாம், நொறுங்கிவிடும்.

ஆயுதத்துக்கு மைல்டு ஸ்டீல் போட்டால் இரண்டு அடியில் முனை மழுங்கும். அதற்குப் பயந்து முழுக்க ஹார்டன் செய்த டூல் ஸ்டீலுக்குப் போனால் உடைந்து தெறிக்கும். இரண்டுக்கும் நடுவே ஹார்டாக்ஸ் போன்ற தேய்மானம் தாங்கும் ஸ்டீல் தகடு நல்ல தேர்வு.

வேகம் கூடினால் அடி பலமாகும் என்பது பாதி உண்மை. பிளேடு நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றுகிறது, எதிராளி விநாடிக்கு 2 மீட்டரில் வருகிறான் என்று வையுங்கள். இரண்டு பல் இருந்தால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவன் உள்ளே வருவது 4 மில்லிமீட்டர்தான். பல் கடிக்காமல் உரசி வழுக்கும். ஒற்றைப் பல் போட்டு மறுபக்கம் எடையால் சமன் செய்தால் 8 மில்லிமீட்டர் கிடைக்கும். வேகத்தைக் குறைத்தால் இன்னும் கூடும்.

ரிமோட்டுக்குப் பதில் போனும் புளூடூத்தும் போதும் என்று நினைக்காதீர்கள். சிக்னல் அறுந்தால் ரோபோ தானாக நிற்க வேண்டும். போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் இதைப் பார்ப்பார்கள். இப்படித் தானாக நிறுத்தும் ஃபெயில்சேஃப் வசதி உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், ரிசீவர் வாங்கி, பிளேடைக் கழற்றி வைத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். ஓடும்போதே ரிமோட்டை அணைத்தால் எல்லா மோட்டாரும் நிற்க வேண்டும்.