ஜாஸ் பெட்டித் தொகுப்பு வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜாஸ் இசையைப் பெட்டித் தொகுப்பாக, அதாவது பல குறுந்தகடுகளை ஒரே பெட்டியில் அடக்கிய வெளியீடாக, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போடுவது வகுத்தல் கணக்குதான். பெட்டியின் விலையை உள்ளே இருக்கும் குறுந்தகடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு தகட்டுக்கு இவ்வளவுதான் விழுகிறது, தனித்தனியே வாங்கினால் இன்னும் கூடுதலாகும் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பலவும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. அந்தக் கலைஞர் தம் இசையை எந்த அளவில், எந்த வடிவில் கேட்போர் கையில் கொடுத்தார் என்பதையும், இந்தப் பெட்டி அந்த வடிவத்தைத் துலக்குகிறதா குலைக்கிறதா என்பதையுமே முதலில் கேட்க வேண்டும். அதற்கான விடை காலகட்டத்துக்குக் காலகட்டம் மாறும்.

1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி எனப்படும் நெடுநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்துவதற்கு முன்பு, ஜாஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டுகளில், பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் என்ற அளவில்தான் வெளிவந்தது. ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை தம் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களுடன் பதிவு செய்தவையெல்லாம் அப்படி ஒவ்வொரு தட்டாக விற்கப்பட்டவையே. குலைந்துபோவதற்கு அங்கே மூல ஆல்பம் என்று ஒன்றும் இல்லை. ஆகவே, பதிவான நாள் வரிசையில் அவற்றை அடுக்கித் தரும் பெட்டி அந்த இசைக்கு ஊறு எதுவும் செய்வதில்லை. கூட்டாக வாசிக்கும் இசையாக இருந்த ஜாஸ், தனிக் கலைஞரின் கற்பனைக்கு இடம் தரும் இசையாக நான்கே ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை அந்த வரிசை காதுக்கு நேராகக் காட்டிவிடுகிறது. இந்தக் காலத்து இசைக்குப் பெட்டி வாங்கத் தயங்குவதைத்தான் நான் தவறு என்பேன்.

எல்பி காலத்து ஸ்டூடியோ இசைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆல்பத்தின் முதல் பக்கம் எதில் தொடங்க வேண்டும், இரண்டாம் பக்கம் எதில் முடிய வேண்டும் என்பதையெல்லாம் யோசித்து அமைத்த காலம் அது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அட்லாண்டிக் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவை 1995இல் ஏழு குறுந்தகடுகள் கொண்ட பெட்டியாக, பதிவான நாள் வரிசையில் வெளிவந்தன. 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி 1959 மே மாதம் பதிவானது. அதே ஆல்பத்தில் இடம்பெறும் 'நைமா'வோ அந்த ஆண்டு டிசம்பரில், வேறு பியானோ, டிரம்ஸ் கலைஞர்களுடன் பதிவானது. வேகமும் சிக்கலும் நிறைந்த உருப்படிகளுக்கு நடுவே வந்து மனத்தை அமர்த்தும் அந்த மெல்லிசை, நாள் வரிசையில் தன் இடத்தை இழந்துவிடுகிறது. ஆனால் இதே வரிசை வேறோர் உண்மையையும் வெளிக்கொணர்கிறது. 1960 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் கோல்ட்ரேன் பதிவு செய்தவற்றிலிருந்தே 'மை ஃபேவரிட் திங்ஸ்', 'கோல்ட்ரேன் பிளேஸ் தி ப்ளூஸ்', 'கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்' ஆகிய மூன்று ஆல்பங்களும் உருவாயின. அவை 1961, 1962, 1964 என்று வெவ்வேறு ஆண்டுகளில் கடைக்கு வந்தன. ஆல்பங்களை மட்டும் கேட்டவருக்கு மூன்று ஆண்டு வளர்ச்சி போலத் தோன்றக்கூடியது உண்மையில் ஒரு வாரத்து உழைப்பு என்பது பெட்டியைக் கேட்டவருக்குத்தான் உறைக்கும். எனவே இத்தகைய பெட்டி, ஆல்பங்களை ஏற்கெனவே நன்றாக அறிந்தவருக்கு உரியது. கோல்ட்ரேனை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர் இதிலிருந்து தொடங்குவது தவறு; அவர் இரண்டு மூன்று ஆல்பங்களைத் தனியே வாங்கி, அவை அமைந்த விதத்திலேயே கேட்பதுதான் நல்லது.

மூன்றாவது வகை நேரடி நிகழ்ச்சிகளின் பதிவு. பெட்டித் தொகுப்பு என்ற வடிவம் முழுமையாகப் பொருந்துவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒரே பாட்டு நான்கு முறை வருகிறதே, இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று பலர் ஒதுக்குவதும் இதைத்தான். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு அரங்கில் 1961 நவம்பர் தொடக்கத்தில் கோல்ட்ரேன் வாசித்தவை 1997இல் நான்கு குறுந்தகடுகளாக வந்தன. 1962இல் வெளியான முதல் எல்பியில் மூன்றே உருப்படிகள் இருந்தன. பெட்டியில் 'இந்தியா' என்ற உருப்படி மட்டுமே நான்கு முறை வருகிறது. ஒரே வித்வான் அடுத்தடுத்த கச்சேரிகளில் அதே ராகத்தை விரித்துப் பாடுவதைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு, இது திரும்பச் சொல்லல் அல்ல என்பது புரியாமல் போகாது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1965 டிசம்பர் 22, 23 ஆகிய இரவுகளில் சிகாகோவின் பிளக்டு நிக்கல் விடுதியில் வாசித்தவை எட்டுத் தகடுகளாக 1995இல் வந்தபோதும் இதே மலைப்பு எழுந்தது. ஆனால் வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் ஆகியோர் அடங்கிய அந்தக் குழு, பழகிய பாடல்களையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வேறு திசையில் கொண்டுபோய், எங்கே உடையும் என்று பார்ப்பதுபோல் வாசித்தது. ஒரு வாசிப்பை மட்டும் கேட்டவருக்கு அந்தத் துணிவின் அளவு தெரியாது.

பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவுடைய தொகுப்பு இதைவிடச் சிறியது, மூன்றே தகடுகள். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அதே வான்கார்டு அரங்கில் பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகளில் வாசித்தவை அதில் வாசித்த வரிசையிலேயே உள்ளன. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ சாலை விபத்தில் இறந்தார். அதன்பின் வெளியிடப்பட்ட முதல் எல்பி, அவருடைய வாசிப்பு மேலோங்கி நிற்கும் உருப்படிகளைத் தேர்ந்தெடுத்து அமைத்த ஒன்று. அந்தத் தேர்வு அழகானதே. ஆயினும் மின்சாரம் தடைப்பட்டு இடையில் அறுந்த முதல் உருப்படி தொட்டு நாள் முழுவதையும் கேட்கும்போது, மூவரும் ஒருவர் காதில் ஒருவர் பேசுவதுபோல் மெல்ல மெல்ல நெருங்கி வருவது விளங்குகிறது. முதன்முதலாகப் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

மாற்றுப் பதிவுகள், அதாவது ஒரே உருப்படியை வாசித்துப் பார்த்து வெளியிடாமல் விட்ட முயற்சிகள், நிறைந்த ஸ்டூடியோப் பெட்டிகளை இவற்றோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சவாய், டயல் என்ற இரு நிறுவனங்களுக்காக 1944 முதல் 1948 வரை பதிவு செய்தவை எட்டுத் தகடுகளாகவும் கிடைத்தன. வெளியீட்டுக்குத் தேர்ந்தெடுத்த பதிவுகள் மட்டும் அடங்கிய மூன்று தகடுகளாகவும் கிடைத்தன. எட்டில், 1945 நவம்பர் 26 அன்று பதிவான 'பில்லிஸ் பவுன்ஸ்' மட்டுமே ஐந்து முயற்சிகளாக இருக்கிறது. சில வினாடிகளில் நின்றுபோன தொடக்கங்களும் பிற இடங்களில் உண்டு. ஒவ்வொரு முயற்சியிலும் பார்க்கரின் கற்பனை எப்படி மாறுகிறது என்று உட்கார்ந்து ஒப்பிடுபவருக்கு, சாக்ஸஃபோன் பயில்பவருக்கு, எட்டும் வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் கேட்க விரும்புபவருக்கு மூன்றே நிறைவு தரும். இதன் எல்லையைக் காட்டுவது மொசைக் நிறுவனம் 1990இல் வெளியிட்ட டீன் பெனடெட்டியின் பதிவுகள். பெனடெட்டி 1947, 1948ஆம் ஆண்டுகளில் விடுதிகளில் பார்க்கர் தனித்து வாசிக்கும் பகுதிகளை மட்டுமே பதிந்து, மற்றவர்கள் வாசிக்கும்போது கருவியை நிறுத்திவிட்டவர். ஏழு தகடுகளில் துண்டு துண்டாக இருக்கும் அந்த இசை ஆய்வாளருக்குப் பொக்கிஷம். மற்றவருக்கு ஒருமுறை கேட்டு வைத்துவிடும் பொருள். 'முழுமையானது' என்று அட்டையில் இருப்பதைத் தரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்வது தவறு.

இனி விலை மலிந்த பெட்டிகளைப் பற்றி. எட்டு ஆல்பங்களை நான்கு தகடுகளில் அடக்கி, ஒரு ஆல்பத்தின் விலைக்கே தரும் ஐரோப்பியத் தொகுப்புகள் ஏராளம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலம் முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 2013இல் 70 ஆண்டுகளாக நீட்டப்பட்டபோது, அதற்குள் காலாவதியானவை மீண்டும் உரிமைக்குள் வரவில்லை. அதனால்தான் இந்த மலிவுத் தொகுப்புகள் பெரும்பாலும் 1962 வரையிலான ஆல்பங்களோடு நின்றுவிடுகின்றன. உரிமை முடிந்துவிட்டது என்பதற்காக மூல நாடா அவர்கள் கைக்கு வந்துவிடாது; பழைய எல்பியிலிருந்தோ ஏற்கெனவே வெளிவந்த குறுந்தகட்டிலிருந்தோ நகலெடுக்கவே வாய்ப்பு அதிகம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1959 மார்ச் 2 அன்று பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் தட்டில் கொஞ்சம் விரைவாகவும் சுருதி கூடியும் ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் இது திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய தட்டிலிருந்து எடுத்த நகல் அந்தப் பிழையையும் சேர்த்தே கொண்டுவரும். கூடவே வாசித்துப் பழகுபவர் அதை உடனே உணர்வார்.

அதற்காக மலிவானதெல்லாம் மட்டம் என்று தள்ளுவதும் சரியல்ல. ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளை இங்கிலாந்தின் ஜேஎஸ்பி நிறுவனம் ஜான் ஆர். டி. டேவிஸின் ஒலி மாற்றத்தில் (பழைய தட்டின் ஒலியைப் புதிய வடிவுக்குக் கொண்டுவரும் வேலை) நான்கு தகடுகளாகக் குறைந்த விலைக்குத் தந்தது. உரிமை பெற்ற பெரிய நிறுவனத்தின் தொகுப்பைவிட அதன் ஒலியையே விரும்புகிறவர்கள் பலர். பழைய 78 தட்டுகளின் இரைச்சலை முற்றிலும் துடைத்தெடுக்க முனைந்தால், அதோடு ட்ரம்பெட்டின் மினுக்கும் சிம்பலின் ஓசையும் மூச்சின் சுவடும் போய்விடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த காது டேவிஸுடையது. ஆகவே விலையைப் பார்க்கும் முன் ஒலி மாற்றம் செய்தவர் யார் என்று அட்டையில் தேடுங்கள். அந்தப் பெயரோ, மூலம் எது என்ற குறிப்போ, பதிவான நாளும் வாசித்தவர் பட்டியலும் அடங்கிய சிறுநூலோ இல்லையென்றால், இணையத்தில் கட்டணமின்றிக் கேட்கக் கிடைக்கும் அதே இசைக்கு மேலாக அந்தப் பெட்டி உங்களுக்கு எதையும் தரப்போவதில்லை.

உறைக்காகப் பணம் கொடுப்பது இதற்கு நேர் எதிரான தவறு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியில் நீல நிற எல்பி, பெரிய நூல், சுவரொட்டி எல்லாம் இருந்தன. மூல ஆல்பமோ ஐந்தே உருப்படிகள். பில் எவன்ஸ் வெர்வ் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் 1997இல் பதினெட்டுத் தகடுகளாக, துருப்பிடிக்கட்டும் என்று வேண்டுமென்றே பூச்சில்லாமல் விட்ட எஃகுப் பெட்டியில் வந்தன. கடற்கரை ஊர்களில் வசிப்பவர் அதை வாங்கினால் தகடுகளையும் நூலையும் வேறிடத்தில் வைப்பதே நல்லது. பழைய பெட்டிகளை மறுவிற்பனையில் வாங்கும்போது தகடுகளின் எண்ணிக்கையையும் சிறுநூல் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே பஞ்சுபோன்ற நுரைத் தகடு வைத்திருந்தால், அது நாளாவட்டத்தில் இளகிக் குறுந்தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்வது அவசியம்.

கடைசியாக, இப்போது விட்டால் எப்போதும் கிடைக்காது என்ற அச்சம். மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் 1980களின் தொடக்கத்தில் தொடங்கிய மொசைக், எண்ணிட்ட குறைந்த படிகளை மட்டுமே வெளியிட்டு வந்தது. தீர்ந்ததும் மறுவிற்பனை விலை ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து, கேட்க நேரமில்லாத பெட்டியையும் வாங்கி அடுக்குபவர்கள் உண்டு. ஆனால் மொசைக் முதன்முதலில் எல்பிகளாக வெளியிட்ட பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் ப்ளூ நோட் பதிவுகள், 1994இல் ப்ளூ நோட் நிறுவனத்தாலேயே நான்கு குறுந்தகடுகளாக வெளியிடப்பட்டன. எல்லாப் பெட்டிக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கலைஞரின் இரண்டு ஆல்பங்களையாவது திரும்பத் திரும்பக் கேட்டிராத ஒருவர், படிகள் தீரப்போகின்றன என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய பெட்டியை வாங்க வேண்டியதில்லை.